ஓவல் செயின்ரிங் போட்டால் முழங்கால் வலி போகுமா?

கேள்வி: என் மலை சைக்கிளில் முன்னால் 32 பல் கொண்ட ஒரே செயின்ரிங் (பெடல் பக்கம் செயின் ஓடும் பல்சக்கரம்). ஏற்றத்தில் மிதித்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. ஓவல் (முட்டை வடிவ) ரிங் போட்டால் வலி போகும், வேகம் 10 சதவீதம் கூடும், 36 பல்லே போடலாம், ஆனால் கிராங்க் செட்டையும் (பெடல் மாட்டியிருக்கும் கைகள்) மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த 10 சதவீதத்தை முடித்துவிடுவோம். ரிங்கின் நீள விட்டம் குறுக்கு விட்டத்தைவிட எவ்வளவு அதிகம் என்பதைச் சொல்லும் வடிவக் கணக்கு அது. பெட்டியில் வடிவமாக இருப்பது, விற்பவர் வாயில் வேகமாகிவிடுகிறது.

பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் அழுத்தம் வீண். கிராங்க் முன்னால் படுக்கையாக வரும்போதுதான் பலம் இறங்கும். 32 பல் ஓவல், பலம் இறங்கும் இடத்தில் ஏறக்குறைய 34 போலவும், பலமில்லாத இடங்களில் 30 போலவும் நடந்துகொள்ளும். சராசரி அதே 32. ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது மிதி சீராக இருக்கும். தளர்ந்த மண்ணில் பின்சக்கரம் வழுக்குவது குறையலாம். நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான்.

அதனால் 36 வேண்டவே வேண்டாம். பலம் இறங்கும் இடத்தில் அது 38 ஆகி, வலிக்கிற முழங்கால்மேலேயே சுமை ஏற்றும். ஓவல் வாங்கினாலும் 32-தான்.

வலிக்கு முதல் சந்தேகம் சீட் உயரம். சீட்டில் அமர்ந்து, பெடலை அடிக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கியே இருந்தால் சீட் தாழ்வு. முன்முழங்கால் வலிக்கு இது அடிக்கடி காரணம். ஒரு தடவைக்கு 5 மி.மீ. மட்டும் உயர்த்தி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே இறங்கும்வரை கனமான கியரிலேயே முக்காமல் முன்கூட்டியே இலகுவாக்குங்கள். வீக்கம் இருந்தால் சைக்கிள் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

கிராங்க் செட்? நான்கு போல்ட் கிராங்கில் எதிரெதிர் போல்ட்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் 104 மி.மீ. வருகிறதா? அந்த அளவுக்கான ஓவல் நேரடியாகப் பொருந்தும். ஆளுக்கொரு போல்ட் அளவு வைத்துக்கொண்டு கம்பெனிகள் அடிக்கும் கூத்துதான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது. ஒன்று மட்டும் பாருங்கள்: ஓவலின் உயர்ந்த பகுதி 34 பல் வட்ட ரிங் அளவுக்கு நீட்டும், பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாயில் உரசக்கூடாது. தேய்ந்த செயினைப் புது ரிங்கில் மாட்டவும் வேண்டாம்.

மிதிக்கும் திறனை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வலை. கிராங்க், பெடல் மீட்டர்களில் பல, அழுத்தத்தை நொடிக்குப் பல தடவை அளந்தாலும் சுழல்வேகத்தை ஒரு முழுச் சுற்றின் சராசரியாகவே எடுத்துக்கொள்கின்றன. ஓவலில் கால் பலமாக அழுத்தும் இடத்தில் கிராங்க் சற்று மெதுவாகப் போகிறது. பெரிய அழுத்தத்தை அங்கே இல்லாத வேகத்தால் பெருக்கினால் விடை கூடத்தானே செய்யும்? திரையில் சில சதவீதம் கூடும், காலில் ஒன்றும் கூடியிருக்காது. பின்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) அளக்கும் மீட்டருக்கு இந்தக் கோளாறு இல்லை. கணத்துக்குக் கணம் வேகத்தை அளக்கும் பெடல்களும் தப்பிவிடும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் "வாட் ஏறிவிட்டது" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பொருத்தும்போது நடக்கும் பெரிய தவறு, ரிங்கைக் கால் சுற்று (90 பாகை) தள்ளி மாட்டுவது. நான்கு போல்ட் அமைப்பில் அப்படியும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். 1980களில் ஷிமானோ கம்பெனி விற்ற பயோபேஸ் என்ற ஓவல் ரிங், இன்றைய ஓவல்களுக்கு ஏறக்குறைய நேர்மாறான கோணத்தில் இருந்தது. தவறாக மாட்டினால் உங்களுக்கும் கிட்டத்தட்ட அதுதான் கிடைக்கும். ரிங்கில் உள்ள குறியைக் கிராங்க் கைக்கு நேரே வைத்து, போல்ட்களைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். அலுமினிய போல்ட் என்றால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். பிறகு கிராங்கை முன்னோக்கிப் படுக்கையாக நிறுத்திப் பக்கத்திலிருந்து பாருங்கள். நிமிர்த்தி வைத்த முட்டைபோல ரிங் உயர்ந்து நிற்க வேண்டும். லேசாகச் சாய்ந்திருந்தால் கவலையில்லை. படுத்திருந்தால் கழற்றி மாட்டுங்கள்.