எட்டு இளநீர்

அன்புள்ள ஐயா,

நானும் என் நண்பனும் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. இப்போது அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. மதுரையில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அவனைப் பார்க்கப் போகிறேன். வெறுங்கையோடு போக மனமில்லை. பழமும் ஹார்லிக்ஸும் போதும் என்கிறாள் மனைவி. தன்னம்பிக்கைப் புத்தகங்கள் நாலைந்து வாங்கிப் போகலாமா என்று எனக்கு யோசனை. பணம் கொடுத்தால் தவறாக எடுத்துக்கொள்வானோ என்றும் பயம். என்ன கொண்டுபோவது?

ம., பெங்களூர்

அன்புள்ள ம.,

சில வருடங்களுக்கு முன் இதே நிலையில் இருந்த என் நண்பனைப் பார்க்க எட்டு இளநீரோடு போனேன். எங்கள் தோப்புக் காய், செவ்விளநீர். சாக்கில் கட்டி, இரண்டு பேருந்து மாறிக் கொண்டுபோனது. அவன் மனைவி சிரித்த முகமாக வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மறுநாள் அது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது. ஒரு மாதம் கழித்து அவனே சொன்னான்: "கொல்லத்தான் வந்தியோன்னு நெனச்சேன்டா."

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது நின்றுவிட்டால் ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி, ஆரஞ்சு, பேரீச்சை என்று நாம் நோயாளிக்குப் பையில் போட்டுக்கொண்டு போவதெல்லாம் பொட்டாசியம் மிகுந்தவை. ஆப்பிள் பரவாயில்லை, அதையும் அவர் வீட்டில் கேட்டுவிட்டு. நட்சத்திரப் பழம் அவர்களுக்கு விஷமே. ஹார்லிக்ஸிலும் பாலிலும் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் இப்படித்தான் உடம்பில் தேங்கும். கூடவே அது குடிக்கிற பொருள். சிறுநீர் அனேகமாக நின்றுபோனவர்களுக்குக் காபி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. மே மாதத்திலும் அதுதான்.

அந்தத் தாகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அடுத்த முறை பாத்திரக் கடைக்குப் போய், இருப்பதிலேயே சின்ன டபரா டம்ளர் கேட்டேன். குழந்தைக்கா என்றார் கடைக்காரர். நூறு மில்லி பிடிக்கும். பெரிய டம்ளரின் அடியில் கால்வாசிக் காபியைப் பார்த்துக்கொண்டு குடிப்பதற்கும், சின்னதில் விளிம்பு வரை நுரை ததும்ப ஆற்றிக் குடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அளவு என்னவோ ஒன்றுதான். கடைசி வரை அவன் காபி அதில்தான்.

போகும் முன் உங்கள் நண்பரின் மனைவிக்கு ஒரு போன் செய்யுங்கள். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம், என்று கேளுங்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, கைக்கடிகாரம் கட்டக்கூடாது, இறுக்கமான சட்டைக் கைகூட ஆகாது. ஊசி குத்தியிருக்கும் நான்கு மணி நேரமும் அதை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். மிச்சம் ஒரு கை. ஒற்றைக் கையால் தடிப் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் திருப்பிப் பாருங்கள், தெரியும். தன்னம்பிக்கைப் புத்தகம் வேண்டவே வேண்டாம். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்துவிட்டு, மறுநாள் எழுந்து வருகிறவருக்கு மனவுறுதியைப் பற்றி நாம் என்ன சொல்லிக்கொடுக்க?

ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வருவதாலும் அறையின் ஏசியாலும் பலருக்குக் குளிரும். நல்ல கம்பளிப் போர்வை ஒன்று, சோப்புப் போட்டு அடிக்கடி துவைக்கத் தாங்குவதாக. வயர் இல்லாத இயர்போன். இவை போதும். இன்னொன்றும் உண்டு, காசு செலவில்லாதது. மூன்றாவது மணி நேரம் நகரவே நகராது என்பான் என் நண்பன். அந்த நேரத்துக்கு வாரம் ஒரு நாள் கூப்பிடுங்கள். உடம்பை விசாரிக்காதீர்கள், அதை விசாரிக்க ஊரே இருக்கிறது. விடுதிச் சாம்பாரில் தொடங்குங்கள். என் நண்பனுக்கு எங்கள் ஊர்க் கோயில் நிலத் தகராறுதான் வேண்டியிருந்தது. வாய்தா வாய்தாவாகக் கேட்டான்.

பணம் கொடுக்கலாம், தாராளமாக. கவரில் போட்டு அவர் கையில் திணிக்காதீர்கள், கூசிப்போவார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு இடமுண்டு. ஆனால் போக வர ஆட்டோ, மாத்திரை, கூட வருகிறவரின் அன்றைய சம்பளம் எல்லாம் வீட்டுக் கணக்குதான். மருந்துக் கடையில் அவர்களுக்குக் கணக்கு இருந்தால் அதில் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் வழக்கமாக வரும் ஆட்டோக்காரரிடம் மூன்று மாதத்துக்குப் பேசிக் கொடுத்துவிடுங்கள். அவர் மனைவிக்குத் தெரிந்தால் போதும்.

பொங்கலானாலும் டயாலிசிஸுக்கு லீவு கிடையாது. அன்று அவருக்கு முறை நாள் என்றால் சாயங்காலம் போகாதீர்கள், துவண்டு கிடப்பார். மறுநாள் காலையில் போங்கள். கரும்பு வேண்டாம், சர்க்கரைப் பொங்கலும் வேண்டாம், வெல்லத்திலும் பொட்டாசியம் உண்டு. பண்டிகைக்கு ஏதாவது கையில் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு மஞ்சள் கொத்து வாங்கிப் போங்கள், இலையோடு.