'திடீர்' என்ற சொல் இல்லாத சார்ட்

கேள்வி: சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான உள்நோயாளி கோடிங் (சார்ட் எனும் மருத்துவப் பதிவைப் படித்து நோய்களுக்குக் குறியீடு இடும் வேலை) செய்கிறேன். ஒரு சார்ட்டில், மண்ணீரலை நீக்கிய இரண்டாம் நாள் நோயாளிக்கு வயிறு உப்பி, குமட்டல் நிற்கவில்லை. சி.டி. அறிக்கை 'இரைப்பை மிகவும் விரிந்துள்ளது' என்கிறது. மூக்குக் குழாய் போட்டு 2 லிட்டருக்கு மேல் நீரை எடுத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இரைப்பை விரிவு' என்று மட்டுமே உள்ளது. நான் கே31.0 என்ற குறியீட்டைக் கொடுத்தேன். ஆடிட்டில் தவறு என்கிறார்கள். ஏன்?

பதில்: உங்கள் மருத்துவ அறிவு சரி, ஆடிட்டரின் விதியும் சரி. கே31.0 என்பது திடீர் இரைப்பை விரிவுக்கு மட்டும் உரியது. ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பின் அகரவரிசையில் 'இரைப்பை விரிவு' என்று பார்த்தால் முதலில் கே31.89 (இரைப்பை, முன்சிறுகுடலின் பிற நோய்கள்) வரும், அதன் கீழே 'திடீர்' என்ற துணைச்சொல் இருந்தால்தான் கே31.0. அந்த ஒற்றைச் சொல்லை மருத்துவர் எழுதவில்லை. அறுவைக்கு இரண்டாம் நாள் வந்தது திடீரென்று வந்ததுதானே என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அதை முடிவு செய்யும் உரிமை கோடருக்கு இல்லை. ரேடியாலஜிஸ்ட்டின் வரியை மட்டும் வைத்தும் நோயைக் குறிக்க முடியாது. சிகிச்சை அளித்த மருத்துவர் சொல்ல வேண்டும்.

அந்தச் சொல்லுக்கு ஏன் இத்தனை கனம்? இரைப்பையின் தசைகள் சோர்ந்து சுருங்காமல் போக, காற்றும் நீரும் உள்ளே தேங்குகின்றன. விரியும் சுவரில் அழுத்தம் ஏறி முதலில் சிரைகளின் ஓட்டம் நின்றுவிடும். கவனிக்காமல் விட்டால் சுவர் அழுகி ஓட்டை விழலாம். உப்பிய மேல்பகுதி உணவுக்குழாயின் வாயை மடக்கிவிடுவதால் நோயாளியால் வாந்தி எடுக்கவும் முடியாமல் போவதுண்டு. வாந்தி இல்லையே என்று நிம்மதி அடைவதுதான் இதில் ஆபத்தான தவறு. வயிற்றை அசைத்தால் தளும்பும் ஓசை, எக்ஸ்ரேயில் பெரிய காற்று-நீர் மட்டம், இரத்தத்தில் பொட்டாசியமும் குளோரைடும் குறைவது ஆகியவை அடையாளங்கள். அறுவை தவிர, நெடுநாள் பட்டினிக்குப் பின் அளவின்றி உண்பதும் சர்க்கரை நோயால் இரைப்பை மந்தமாவதும் காரணமாகலாம். இரைப்பை மந்தத்துக்குக் குறியீடு வேறு, கே31.84.

ஆர்14.0-க்கு ஓடிவிடாதீர்கள். அது வயிற்று உப்பலுக்கான அறிகுறிக் குறியீடு. நோயே பதிவாகியிருக்கும்போது அதற்கு வேலை இல்லை.

ஆகவே மருத்துவருக்குக் கொயரி (பதிவைத் தெளிவாக்கக் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். 'இது திடீர் விரிவுதானே?' என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டுவதாகிவிடும். அறுவை நாள், சி.டி. வரி, குழாயில் வந்த அளவு, பொட்டாசியம் ஆகியவற்றை எடுத்து வைத்து, விரிவின் தன்மை என்ன என்று திடீர், நாள்பட்ட, வேறு, முடிவு செய்ய இயலவில்லை என்ற தெரிவுகளோடு கேளுங்கள். அறுவையின் சிக்கலா என்பதையும் அதே கொயரியில் கேட்டுவிடுங்கள். அறுவைக்குப் பின் வந்தது என்பதாலேயே சிக்கல் ஆகிவிடாது. மருத்துவர் தொடர்பை எழுதினால், செரிமான மண்டலத்தில் சிகிச்சைக்குப் பின் வரும் பிற சிக்கல்களுக்கான கே91.89-ஐ முன்னால் வைத்து, விரிவு திடீரானது என்றும் எழுதியிருந்தால் அதன் பின் கே31.0 சேர்க்கலாம். அதுவரை சார்ட்டை நிறுத்தி வையுங்கள்.