எக்காளம் கேக்கணும்னா முதல்ல ஹெட்போனைக் கழட்டுங்க

கேள்வி: ரெண்டு வருஷமா கர்த்தராகிய இயேசு திரும்பி வரப்போற வருகைய நெனச்சா தூக்கமே வரல. அவர் தம்முடையவங்கள எடுத்துக்கும்போது நான் மட்டும் கைவிடப்பட்டுருவேனோன்னு பயம். தினமும் ராத்திரி 2 மணிக்கு எழுந்து 5 மணி வரைக்கும் ஜெபம், நடுவுல கடைசி கால தீர்க்கதரிசன வீடியோ பாப்பேன். பக்கத்து ரூம்ல அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, அடிக்கடி கூப்பிடுவாங்க, ஜெபம் கலையுதுன்னு ஹெட்போன் போட்டுக்கறேன், மனைவி போய் பாத்துக்குவா. ஆனா அவ ஜெபத்துக்கு வர்றதே இல்ல, கேட்டா டயர்டுங்கறா. விசுவாசத்துல சூடு கொறஞ்சு வெதுவெதுப்பா ஆயிட்டா. அவள எப்படி ஆயத்தப்படுத்தறது?

பதில்: தம்பி, இந்த பயத்தோட எனக்கு நிறைய லெட்டர் வருது. வருகை எப்போ, நான் எடுத்துக்கொள்ளப்படுவேனான்னு. அந்த நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டும்தான் தெரியும்னு மத்தேயு 24:36ல சொல்லியாச்சு, அதுக்கு மேல நான் என்னத்த சொல்ல. பயப்படாதீங்கன்னும் சொல்லப்போறதில்ல. உங்க லெட்டர்ல போற போக்குல ஒரு ஹெட்போன் வருதே, நான் அங்கயே நின்னுட்டேன்.

வருகையப்போ தொனிக்கும்னு வேதம் சொல்ற எக்காள சத்தத்துக்காக ராத்திரி பூரா கண் முழிக்கிறவர், காத அடைச்சிட்டு உக்காந்திருக்கீங்க. லூக்கா 12ல எஜமான் கல்யாண வீட்லேர்ந்து திரும்பி வர்றதுக்காக வேலைக்காரங்க காத்திருக்காங்கல்ல, அவங்க எதுக்கு முழிச்சிருக்காங்க? அவர் வந்து தட்டின உடனே கதவ திறக்க. தட்டற சத்தம் காதுல விழணும், அதுதான் அவங்க டியூட்டியே. உங்க வீட்ல ஒருத்தங்க தினமும் கூப்பிடறாங்க, நீங்க வால்யூம ஏத்தறீங்க.

விழிப்புன்னா தூங்காம இருக்கறதுன்னு யார் உங்களுக்கு சொன்னது? மணவாளனுக்காக காத்திருந்த பத்து கன்னிகைகள் கதைய மத்தேயு 25ல திரும்ப படிங்க, மணவாளன் வர லேட்டானதும் பத்து பேருமே தூங்கிட்டாங்க, புத்தியுள்ள அஞ்சு பேரும் சேத்துத்தான். அதுக்கு முந்தின அதிகாரத்துல விழிச்சிருங்கன்னு சொன்ன கையோட இயேசு யார உண்மையுள்ள ஊழியக்காரன்னு காட்டறாரு? வீட்ல இருக்கறவங்களுக்கு ஏத்த வேளைல சாப்பாடு குடுக்கறவனத்தான். எஜமான் வரும்போது அவன் அந்த வேலைய செஞ்சிட்டிருக்கணும், அவ்வளவுதான். இந்த கணக்குல பாத்தா உங்க வீட்ல ராத்திரி காவல் யாரு தம்பி? நீங்களா, டயர்டுன்னு சொல்ற அந்த பொண்ணா? உங்கள பெத்தவங்களுக்கு அவங்க எழுந்து போறாங்க, விடிஞ்சா வீட்டு வேலைக்கும் எழுந்திருக்கணும், அவங்கள வெதுவெதுப்புன்னு எழுத உங்களுக்கு கை எப்படி வந்துச்சு? எனக்கு கோவம்தான் வருது, மறைக்கல.

கொர்பான்னு ஒரு வார்த்தை மாற்கு 7ல வரும். அப்பா அம்மாவுக்கு செய்ய வேண்டியத தேவனுக்கு காணிக்கையா குடுத்துட்டேன்னு சொல்லி கைய கழுவிக்கறது. இயேசு அதுக்கு எவ்வளவு கடுமையா பேசினார்னு உங்களுக்கே தெரியும், நீங்க வேதம் வாசிக்கிறவர். அங்க காச கொர்பான் ஆக்கினாங்க, நீங்க ராத்திரிய ஆக்கிட்டீங்க. தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன்னு 1 தீமோத்தேயு 5:8ல இருக்கறது எப்பவும் அடுத்தவங்களுக்கு எழுதின மாதிரியே தோணும், எனக்கும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்துச்சு.

அந்த வீடியோக்கள் பத்தி ரொம்ப பேச வேண்டாம். 1844 அக்டோபர் 22ல கிறிஸ்து வந்துருவார்னு அமெரிக்காவுல வில்லியம் மில்லர் பின்னாடி போன ஆயிரக்கணக்கான பேர் காத்திருந்தாங்க, அதுல சில பேர் விளைஞ்சத அறுக்காம அப்படியே நிலத்துல விட்டுட்டாங்க. பொழுது விடிஞ்சு 23ஆம் தேதி வந்துச்சு. அன்னிக்கு அவங்க வீட்டு மாட்ட யார் கறந்திருப்பாங்கன்னுதான் எனக்கு எப்பவும் யோசனை வரும், யாராவது ஒரு பொம்பளதான் கறந்திருப்பா.

ஜெபத்த விடச்சொல்லல. 2 மணிக்கு முழிப்பு வருதுல்ல, நல்லது, அந்த நேரத்துல ஒரு சேர தூக்கிட்டுப்போய் அம்மா கட்டில் பக்கத்துல போட்டு உக்காந்து ஜெபம் பண்ணுங்க. அவங்க கூப்பிட்டா பாதி ஜெபத்துல எழுந்திருங்க, ஆமென் சொல்லாம எழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. தண்ணி குடுங்க, துணி நனைஞ்சிருந்தா நீங்களே மாத்துங்க, கூச்சமா இருக்கும், அவங்களுக்கும்தான். அதே லூக்கா 12ல எஜமான் வந்ததும் தானே இடுப்ப கட்டிக்கிட்டு வேலைக்காரங்கள பந்தியில உக்கார வெச்சு பரிமாறுவார்னு இருக்கு, நீங்க எதிர்பாத்துட்டு இருக்கறது அப்படிப்பட்ட ஒருத்தர. மனைவிய ஆயத்தப்படுத்தற வேலைய விட்டுட்டு ஒரு மாசம் அவங்கள தூங்க விடுங்க.

அப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்க. ரெண்டு பக்க லெட்டர்ல அந்திக்கிறிஸ்து மட்டும் அரைப் பக்கம் இருக்கு, ராத்திரில அம்மா எதுக்கு கூப்பிடறாங்கன்னு ஒரு வரி கூட இல்ல.