ரீலோடிங் பண்ணா காசு மிச்சமாகுமா? ரைஃபிள் கேள்வி-பதில்

அமெரிக்கால இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப லாங் ரேஞ்ச் டார்கெட் ஷூட்டிங் பக்கம் வந்துட்டாங்க போல. இந்த தடவை வந்த கேள்வி எல்லாமே ரைஃபிள், ரீலோடிங் (சுட்ட தோட்டாவோட காலி கூட்டுல மறுபடி மருந்தும் குண்டும் போட்டு வீட்லயே தோட்டா செய்யறது), அதுக்கு ஆகற செலவு இதப் பத்திதான், அதனால மொத்தமா ஒரே இடத்துல போட்டுடறேன்.

கேள்வி: ஹூஸ்டன்ல எச்1பி-ல இருக்கேன் அண்ணா. ஆபீஸ் ஃப்ரெண்டோட ரேஞ்சுக்கு போனதுல இருந்து 6.5 கிரீட்மோர் தோட்டா போடற ரைஃபிள் ஒண்ணு வாங்கணும்னு ஒரே ஆசை. கடையில குடுப்பாங்களா?

வெறும் விசாவ காட்டினா குடுக்க மாட்டாங்க தம்பி. எச்1பி, எல்1, எஃப்1 மாதிரி நான்-இமிக்ரண்ட் விசால வந்தவங்க துப்பாக்கி, தோட்டா ரெண்டும் வச்சிருக்கவே கூடாதுங்கறது ஃபெடரல் சட்டம். அதுல சில விலக்கு இருக்கு, நம்மள மாதிரி ஆளுக்கு ஆகறது ஒண்ணுதான், ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகற ஹண்டிங் லைசென்ஸ். நீங்க மான் வேட்டைக்கு போறீங்களோ இல்லையோ, அந்த பேப்பர் கையில இருக்கணும். டெக்சாஸ்ல 1971 செப்டம்பர் 2 அன்னிக்கோ அதுக்கப்புறமோ பொறந்தவங்களுக்கு ஹண்டர் எஜுகேஷன் கோர்ஸும் உண்டு. கடையில 4473-னு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, அதுல ஐ-94 (அமெரிக்கா உள்ள நுழைஞ்சதுக்கான பதிவு) நம்பர் கேப்பாங்க, லைசென்ஸ் காப்பியும் வாங்கிப்பாங்க.

இதுல நிறைய பேர் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. டெக்சாஸ் ஹண்டிங் லைசென்ஸ் நீங்க எப்ப வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஓட முடிஞ்சிடும். செப்டம்பர் 1 காலையில புதுசு எடுக்கலன்னா அலமாரில இருக்கற ரைஃபிள் அப்படியே உங்க பேர்ல ஒரு ஃபெடரல் குற்றம், ஃபைன் கட்டிட்டு வர்ற விஷயம் இல்ல, விசா கிரீன் கார்டு எல்லாத்தையும் இழுத்துட்டு போயிடும். இன்னொண்ணு, சட்டத்துல தோட்டான்னா முழு ரவுண்டு (சுட ரெடியா இருக்கற முழு தோட்டா) மட்டும் இல்ல, பிரைமர் (தீப்பொறி குடுக்கற சின்ன மூடி), பவுடர் (வெடிமருந்து), புல்லட் (பறந்து போற குண்டு), காலி கேஸ் (பித்தளை கூடு) எல்லாம் தனித்தனியாவே அதுல அடக்கம், அதனால "துப்பாக்கி ஃப்ரெண்டுது, நான் ரீலோடிங் சாமான் மட்டும்தான் வச்சிருக்கேன்"-னு சொல்லி தப்பிக்க முடியாது. வாங்கறதுக்கு முன்னாடி உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கிரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்த ஹண்டிங் லைசென்ஸ் சமாச்சாரம் எதுவும் கிடையாது.

கேள்வி: ஃபேக்டரி மேட்ச் தோட்டா (போட்டித் தரத்துல செஞ்சது) ஒண்ணுக்கு ரெண்டு டாலர் கிட்ட வருது சார். ரீலோடிங் பண்ணா பாதி விலைன்னு சொல்றாங்க, நிஜமா?

ஒரு ரவுண்டுக்குன்னு பாத்தா கிட்டத்தட்ட நிஜம்தான். 6.5 கிரீட்மோருக்கு தோராயமா கணக்கு போடுவோம், விலை கடைக்கு கடை மாறும். நல்ல மேட்ச் புல்லட் ஒண்ணு 45 சென்ட், பிரைமர் 8 சென்ட். பவுடர் பவுண்டு 50 டாலர்னு வைங்க, ஒரு பவுண்டுல 160 சொச்சம் ரவுண்டு தேறும், அப்ப ரவுண்டுக்கு 30 சென்ட். லாபுவா கம்பெனி பிராஸ் (காலி கேஸ்தான்) புதுசு ஒண்ணு 1.30 டாலர், 10 தடவை சுட்டா 13 சென்ட். மொத்தம் ஒரு டாலருக்கு கொஞ்சம் கம்மி. ஆக ரவுண்டுக்கு 80 சென்ட்லேர்ந்து 1 டாலர் மிச்சம். பிரஸ் (கைப்பிடி இழுத்து அழுத்தற கருவி), டை (அதுல மாட்டற அச்சு), தராசு, ட்ரிம்மர் (கேஸ் நீளத்த வெட்டறது), காலிப்பர் (அளவு பாக்கறது), டம்ப்ளர் (கேஸ உருட்டி சுத்தம் பண்றது)னு எல்லாம் சேத்து 800 டாலர் போட்டீங்கன்னா 800, 1000 ரவுண்டுல போட்ட காசு திரும்பிடணும்.

ஆனா திரும்பாது! ரவுண்டு விலை கொறைஞ்சதும் மாசம் 50 சுட்ட கை 150 சுடும், 1000 டாலர் எலக்ட்ரானிக் தராசு கண்ணுல படும், அப்புறம் அனீலிங் மெஷின் (கேஸ் வாய சூடாக்கி மிருதுவாக்கறது), அப்புறம் இன்னொரு காலிபர் (வேற தோட்டா அளவு) ரைஃபிள். வீட்டுக்காரம்மாகிட்ட "மிச்சம் பண்ணத்தான் வாங்கறேன்"-னு சொல்லி வைக்காதீங்க, பின்னால கிரெடிட் கார்டு பில்ல காட்டி கேப்பாங்க. உங்க ரைஃபிளுக்குன்னே அளவெடுத்து செஞ்ச ரவுண்டு கிடைக்கும், அதுக்காக பண்றீங்கன்னா பண்ணுங்க.

அதோட பலனுக்கும் ஒரு எல்லை இருக்கு. எஃப் கிளாஸ்ங்கற (படுத்துட்டு, ஸ்கோப் வச்சு தூரத்து டார்கெட்ட சுடற) போட்டில 1000 யார்டு டார்கெட்டோட பத்து பாயிண்ட் வளையம் 10 இன்ச் அகலம், அதாவது நடுவுலேர்ந்து 5 இன்ச். புல்லட் வேகம் செகண்டுக்கு 10 அடி கூடக் கொறைய போனா அந்த தூரத்துல மேல கீழ 2-3 இன்ச் மாறும், சரி, நல்ல ரீலோடிங் அத கட்டுக்குள்ள கொண்டு வரும். ஆனா குறுக்கால அடிக்கற காத்த மணிக்கு 1 மைல் தப்பா கணிச்சீங்கன்னா 6-7 இன்ச் பக்கவாட்டுல போயிடும், பத்து பாயிண்ட் வளையம் அங்கயே காலி. காத்தை படிக்க எந்த தராசும் சொல்லிக் குடுக்காது, சுட்டு சுட்டுதான் வரும். அதனால என் கணக்குல முதல் வருஷ காசு ரேஞ்ச் ஃபீஸுக்கும் தோட்டாவுக்கும் போகட்டும், மெஷினுக்கு அப்புறம் பாத்துக்கலாம். 22 ரிம்ஃபயர்னு சின்ன தோட்டா போடற ரைஃபிள் ஒண்ணு வச்சு 200 யார்டுல பழகினாலே காத்து என்ன பண்ணும்னு நல்லா புரிஞ்சிடும், தோட்டாவும் மலிவு. ஒண்ணே ஒண்ணு, 22-ஐ ரீலோட் பண்ண முடியாது.

கேள்வி: பக்கத்து வீட்டு பெரியவர் வயசாயிடுச்சுன்னு அவரோட ரீலோடிங் சாமான் மொத்தத்தையும் 300 டாலருக்கு தர்றேங்கறார். ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் பிரஸ், டை செட், பழைய பவுடர் டப்பா, அவரே லோடு பண்ணி வச்ச தோட்டா ரெண்டு பெட்டி. வாங்கலாமா?

பிரஸ்ஸுக்காகவே வாங்கலாம். ராக் சக்கர் இரும்பு வார்ப்பு, ஒரு சமயத்துல ஒரு டைதான் மாட்டும், ஒரு தடவை ஹேண்டில் இழுத்தா ஒரு வேலை, அவ்ளோதான், கெட்டுப் போறதுக்கு அதுல பெருசா ஒண்ணும் இல்ல. ராம் (மேல கீழ போற தண்டு) ஆட்டிப் பாருங்க, பக்கவாட்டுல லொடலொடன்னு ஆடலன்னா எடுத்துக்கலாம். புதுசா பழகறவருக்கு இப்படி ஒவ்வொண்ணா போற பிரஸ்தான் நல்லது, ஒரே இழுப்புல நாலு வேலை நடக்கற ப்ரோக்ரஸிவ் மெஷின் இப்ப வேணாம். டைய ஒண்ணொண்ணா கழட்டி உள்ள துரு இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. பழைய பீம் தராசு (கோல்ல எடைய நகத்தி பாக்கறது) இருந்தா விடாதீங்க, ஆனா செக் வெயிட் (எடை சரியா தெரிஞ்ச கட்டி) போட்டு சரி பாத்துட்டு உபயோகிங்க.

பிரிச்ச பவுடர் டப்பா இலவசமா குடுத்தாலும் வேணாம். டப்பால ஒரு பேர், உள்ள வேற பவுடர்னு ஆகறது இந்த ஹாபில புதுசு இல்ல, கண்ணால பாத்து எந்த பவுடர்னு யாராலயும் சொல்ல முடியாது. தெறந்ததும் மூக்குல ஏர்ற புளிச்ச ஆசிட் வாடையோ செங்கல் பொடி மாதிரி தூசியோ வந்தா அது கெட்டே போச்சு. வாடை வரலன்னா நல்லதுன்னும் அர்த்தம் இல்ல. அவர் லோடு பண்ண தோட்டா அதுக்கும் மேல, அவர் ரைஃபிளுக்கு அவர் செஞ்சது, உங்க ரைஃபிள்ல பிரஷர் எங்க போகும்னு யாருக்கு தெரியும், பெரியவர் எவ்ளோ தங்கமான மனுஷனா இருந்தாலும் மரியாதையா வேணாம்னுடுங்க. 300-க்கு பதிலா இதெல்லாம் கழிச்சு 200-க்கு கேட்டுப் பாருங்களேன்.

பவுடர் அளவுக்கு புது ரீலோடிங் மேனுவல் ஒண்ணு காசு குடுத்து வாங்குங்க, பவுடர் கம்பெனி வெப்சைட்லயும் ஒப்பிட்டுப் பாருங்க, அதுல போட்டிருக்கற ஆரம்ப அளவுலேர்ந்து மெதுவா ஏறுங்க. வாட்ஸ்அப் குரூப்ல யாரோ போட்ட நம்பர எடுத்து ஊத்தாதீங்க. பவுடரும் பிரைமரும் ஆன்லைன்ல வாங்கினா ஹேஸ்மேட் (ஆபத்தான சரக்கு) ஃபீஸ்னு தனியா ஒண்ணு தீட்டுவாங்க, ஒரு பவுண்டு வாங்கினாலும் அதே, எட்டு பவுண்டு வாங்கினாலும் அதே, அதனால ரேஞ்ச் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு மூணு பேரா சேந்து அவங்கவங்களுக்கு வேணுங்கறத ஒரே ஆர்டர்ல போடறது வழக்கம்.

கேள்வி: யூஸ்டு ரைஃபிள் ஒண்ணு பாதி விலைக்கு வருது. "ரொம்ப சுடல"-ங்கறார். நம்பலாமா?

எத்தனை ரவுண்டு சுட்டிருக்கார்னு கேளுங்க, "ரொம்ப சுடல"-ங்கறது கணக்கு இல்ல. 6.5 கிரீட்மோர் பேரல் (குழல்) போட்டிக்கு ஆகற அளவுல 2000 சொச்சம் ரவுண்டு தாங்கும், 308-ங்கற இன்னொரு காலிபர் பேரல் அதை விட ரொம்ப நாள் உழைக்கும். டெஸ்லாங் மாதிரி மலிவு போர்ஸ்கோப் (குழலுக்குள்ள பாக்கற குட்டி கேமரா) போன்ல மாட்டி உள்ள விட்டு பாருங்க, சேம்பர் (தோட்டா உக்கார்ற இடம்) முடிஞ்சு ரைஃப்ளிங் (குழலுக்குள்ள சுத்தி வர்ற வரிப்பள்ளம்) ஆரம்பிக்கற இடத்துல வறண்ட ஏரி மண்ணு மாதிரி வெடிப்பு வெடிப்பா தெரியும். கொஞ்சம் இருந்தா பரவால்ல, ரைஃப்ளிங் விளிம்பே மழுங்கி போயிருந்தா பேரல் மாத்தற செலவையும் விலையில கழிச்சு பேசுங்க. மேல மாட்டியிருக்கற ஸ்கோப் (குறி பாக்கற தொலைநோக்கி) வோர்டெக்ஸ் கம்பெனியோடதா இருந்தா உங்களுக்கு லாபம், அவங்க வாரண்டி கை மாறினாலும் செல்லும், பில் கூட வேணாம்.

கேள்வி: வீட்ல 3 வயசு குழந்தை இருக்கு. கராஜ்ல ரீலோடிங் பெஞ்ச் போடலாமா?

போடலாம், பூட்டு போட்டு. நெருப்ப விட எனக்கு பயம் ஈயம்தான். சுட்ட கேஸ்ல பிரைமர் கரி இருக்கு பாருங்க, அதுல ஈயம் உண்டு, சோளத் தூள்ல போட்டு உருட்டற டம்ப்ளர்ல அந்த தூசி பறக்கும், உங்க சட்டைல ஒட்டி வீட்டுக்குள்ள வரும். தண்ணி டம்ப்ளர் வாங்குங்க, வேலை முடிஞ்சதும் கைய கழுவி சட்டைய மாத்திட்டு அப்புறம் குழந்தைய தூக்குங்க. பவுடர் 20 பவுண்டு, பிரைமர் 10,000 வரைக்கும் வீட்ல வைக்கலாம்னு பொதுவான தீயணைப்பு விதி, ஒரிஜினல் டப்பாலயேதான் இருக்கணும். வாடகை வீடுன்னா லீஸ படிங்க.

கேள்வி: அடுத்த மாசம் சென்னை போறேன். ரேஞ்சுக்கு எடுத்துட்டு போற பேக்பேக்கத்தான் கேபின் பேகா எடுத்துட்டு போகலாம்னு...

வேணவே வேணாம். அடி ஜிப்புல ஒரே ஒரு ரவுண்டு உருண்டு கெடந்தா கூட ஸ்கேனர்ல பளிச்சுனு தெரியும், இந்தியால ஆயுதச் சட்டம் 1959-ல கேஸ் போடுவாங்க, வேணும்னு எடுத்துட்டு வரலன்னு நிரூபிக்கறதுக்குள்ள லீவ் முழுக்க கோர்ட்டுக்கு அலைஞ்சு தீந்துடும். காலி கேஸ கூட ஞாபகார்த்தமா கொண்டு போகாதீங்க, கீ செயின்ல தொங்கறதையும் கழட்டிடுங்க. ஊருக்கு வேற புது பேக் ஒண்ணு வாங்கிடுங்க, 40 டாலர்தான் ஆகும்.