பெயர்ப்பலகை இல்லாத பழைய ஜப்பான் கிட்டார்: எங்கே செய்தது, எந்த ஆண்டு என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேட்டவர் சொன்னது இவ்வளவுதான்: அமெரிக்காவில் ஒரு வீட்டு வாசல் விற்பனையில் வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார், நான்கு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), வரிசையாக ஸ்விட்சுகள், ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலைப்பகுதி) பெயர் இருந்த இடத்தில் இரண்டு சின்னத் துளைகள் மட்டும், பின்னால் நெக் பிளேட்டில் (நெக் என்ற கழுத்துப் பகுதியை உடலோடு இணைக்கும் இடத்தில் உள்ள தகடு) 'மேட் இன் ஜப்பான்' என்ற எழுத்தும் ஓர் எண்ணும். அந்த எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வோர் ஆண்டு வருகிறதாம்.

பெயர் போய்விட்டதே என்று வருத்தப்படாதீர்கள். இருந்திருந்தாலும் அது செய்தவர்களின் பெயராக இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 1960-களில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கிட்டார்களில் ஏராளமானவற்றுக்கு அங்கே இருந்த இறக்குமதியாளரோ கடைக்காரரோதான் பெயர் வைத்தார்கள். கென்ட், கிங்ஸ்டன், நோர்மா, சியர்ஸ் கடைகளில் விற்ற சில்வர்டோன் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். ஒரே தொழிற்சாலையின் கிட்டார் மூன்று பெயரில் விற்றிருக்கிறது, கென்ட் என்ற ஒரே பெயருக்குப் பின்னால் பல தொழிற்சாலைகள் இருந்திருக்கின்றன. அதனால் 'இது என்ன பிராண்ட்' என்பதை விட்டுவிட்டு 'இதை யார் செய்தார்கள்' என்று கேளுங்கள், அதற்குப் பதில் கிட்டாருக்குள்ளேயே இருக்கிறது.

காலம் ஓரளவு இப்போதே தெரிகிறது. நான்கு பிக்கப், பிக்கப்புக்கு ஒரு ஸ்விட்ச் என்பது 60-களின் நடுப்பகுதியின் முகம். 1965 ஜனவரியில் தி வென்ச்சர்ஸ் என்ற அமெரிக்க கிட்டார் இசைக்குழு ஜப்பானுக்கு வந்து வாசித்த பிறகு அங்கே இளைஞர்களுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் பைத்தியமே பிடித்துவிட்டது, அதை 'எலெக்கி' அலை என்றே சொல்வார்கள். வெளிநாட்டு ஆர்டர்களும் அதே நேரத்தில் குவிந்ததால் பீரோ, நாற்காலி செய்த மரப்பட்டறைகள்கூட கிட்டார் உடல் அறுக்க ஆரம்பித்தன. டெய்ஸ்கோ, குயாடோன், காவாய் போன்ற ஜப்பான் கம்பெனிகள் யாரையும் பார்த்து வரையாத வடிவங்களைச் செய்தது அந்தச் சில ஆண்டுகளில்தான். 60-கள் முடிவதற்குள் அலை அடங்கிவிட்டது, பல பட்டறைகள் மூடப்பட்டன, மிஞ்சியவர்கள் அமெரிக்க கிட்டார்களை அச்சு அசலாக நகலெடுக்கப் போனார்கள். உங்களுடையது அதற்கு முந்தையது என்று தைரியமாகச் சொல்வேன்.

நெக் பிளேட்டில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள். அந்தக் காலத்து ஏற்றுமதி கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் அந்த எண்ணுக்கும் ஆண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. எண்ணை வைத்து ஆண்டு சொல்லும் முறை பிற்பாடு வந்தது. 1975-க்குப் பிறகு மாட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிகென் தொழிற்சாலையில் செய்த ஐபனீஸ் கிட்டார்களில் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, அதாவது எஃப்-க்குப் பின் 78 என்று வந்தால் 1978 ஜூன். 1982-ல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பானின் முதல் கிட்டார்களில் ஜேவி என்று ஆரம்பிக்கும். இணையத்தில் உள்ள கருவிகள் இப்படிப்பட்ட முறைகளுக்காகச் செய்தவை, உங்கள் எண்ணை அவற்றில் போட்டால் வாய்க்கு வந்த ஆண்டைத்தான் சொல்லும்.

சரி, திறந்து பார்க்கலாம். அதற்கு முன் துடைக்காதீர்கள். ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் செவ்வகமாகவோ வட்டமாகவோ ஒரு பசைத்தடம், அல்லது சுற்றியுள்ள இடத்தைவிடக் கொஞ்சம் வெளிர்ந்த பகுதி இருந்தால் அது ஒட்டுத்தாள் இருந்த இடம், அந்த வடிவமே ஒரு சாட்சி. முன்பக்கத் துளைகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து வையுங்கள், அதே பலகை வேறொரு கிட்டாரில் அப்படியே இருந்தால் பொருத்திப் பார்க்கலாம்.

அப்புறம் ஸ்க்ரூக்கள். ஜப்பான் ஸ்க்ரூவின் தலையில் உள்ள சிலுவைப் பள்ளம் அமெரிக்க ஃபிலிப்ஸ் வகையிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. சாதாரண ஃபிலிப்ஸ் டிரைவரை வைத்து அழுத்தினால் வழுக்கி, பள்ளம் தேய்ந்து போகும். ஜப்பான் அளவு டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அறுபது வயது ஸ்க்ரூ ஒரு தடவை கெட்டால் திரும்பக் கிடைக்காது.

பிக்கார்டை (உடலின் முன்பக்கத்தை மூடும் தகடு) தூக்கியதும் எதையும் தொடாமல் நாலைந்து படம் எடுங்கள். குழியின் ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தால் உடல் ஒட்டுப்பலகை, ஒரே நிறத்தில் துளைகள் நிறைந்த லேசான மரமாக இருந்தால் பெரும்பாலும் லவான் என்ற தென்கிழக்கு ஆசிய மரம். இரண்டுமே அந்தக் காலத்து ஜப்பானில் சகஜம். நாப் (திருகும் குமிழ்) கழற்ற வருமென்றால் அதற்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரின், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகத்தின், தண்டைப் பாருங்கள், பிளந்த தண்டாக இருந்தால் பல்லை எண்ணலாம்: ஜப்பான் பாகத்தில் 18, அமெரிக்க பாகத்தில் 24. 24 வந்தால் யாரோ பின்னாளில் மாற்றியிருக்கிறார்கள், அதன் முதுகில் உள்ள எண்ணை வைத்து கிட்டாருக்கு வயது சொல்லக் கூடாது.

எனக்கு முக்கியம் நெக் உட்காரும் குழிதான். நான்கு ஸ்க்ரூவையும் எடுத்து நெக்கைக் கழற்றினால் அதன் அடியிலும் குழிக்குள்ளும் பென்சில் எழுத்தோ ரப்பர் முத்திரையோ இருக்கலாம். 41 அல்லது 43 போன்ற எண் முன்னால் வந்து பக்கத்தில் மாதம், தேதி போல இரண்டு எண்கள் இருந்தால் அது பேரரசர் ஷோவாவின் ஆண்டுக்கணக்காக இருக்க வாய்ப்பு உண்டு. அதோடு 1925-ஐக் கூட்டுங்கள், 41 என்றால் 1966.

நான் வேலைக்காக நகோயாவில் இருந்த காலத்தில் வாங்கிய ஒரு கிட்டாரில் இதைத்தான் கண்டேன். விற்ற கடையில் 1965-ம் ஆண்டு டெய்ஸ்கோ என்று அட்டை போட்டிருந்தார்கள், இரண்டு வருடம் நானும் அப்படியே நம்பி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபிரெட் (நெக்கில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகள்) சரிசெய்ய நெக்கைக் கழற்றியபோது உள்ளே நீல மையில் 43 என்று முத்திரை. அப்படியானால் 1968. டெய்ஸ்கோவை காவாய் வாங்கியது 1967-ல், அதனால் நான் வைத்திருந்தது கை மாறிய பிறகு செய்தது. பாகங்கள் ஏன் கொஞ்சம் டெய்ஸ்கோ போலவும் கொஞ்சம் காவாய் போலவும் இருந்தன என்பது அன்றுதான் புரிந்தது. ஆனால் அதன் பொட்டென்ஷியோமீட்டர்கள் என்ன சொல்லியிருக்கும் என்று பார்க்க முடியவில்லை. முன்பே ஒருவரிடம் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன், அவர் பழையதை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது சால்டர் வைத்திருந்தார். இன்றும் அது மனதை உறுத்துகிறது. நீங்கள் கொடுத்தால் 'பழைய பாகம் ஒன்றுவிடாமல் திருப்பித் தர வேண்டும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிக்கப்பின் மூடியில் துளைகள் வழியாகப் பொன்னிறத் தகடு தெரிகிறதா? அவற்றை கோல்டு ஃபாயில் என்பார்கள். அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் டெய்ஸ்கோவின் கோல்டு ஃபாயிலைப் பொருத்தி வாசித்த பிறகு, இந்த பிக்கப்புக்காகவே நல்ல கிட்டார்களைப் பிரித்து விற்கிறார்கள். யாராவது 'பிக்கப் மட்டும் கொடுங்கள்' என்று கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஆனால் பொன்னிறம் இருப்பதாலேயே டெய்ஸ்கோ என்று முடிவுகட்டவும் வேண்டாம், வேறு ஜப்பான் கம்பெனிகளும் அப்படிச் செய்தன. மூடியில் வெட்டிய கோலம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் பழைய விற்பனைப் புத்தகங்களின் படங்களோடு ஒப்பிட வேண்டும். ஜப்பான் சேகரிப்பாளர்கள் இந்த வகையை 'பிஸார்' கிட்டார் என்றுதான் அழைக்கிறார்கள், ஜப்பானிய எழுத்தில் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் கிடைக்கும் படங்கள் ஆங்கிலத்தில் தேடும்போது வருவதே இல்லை.

இன்னொன்று, விற்கப் போனால் 'லாசூட் கிட்டார்' (வழக்கில் சிக்கிய கிட்டார்) என்று எழுதச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். அந்த வழக்கு 1977-ல் கிப்சன் நிறுவனம் ஐபனீஸின் அமெரிக்க விற்பனையாளரான எல்கர் மீது போட்டது, சண்டை ஹெட்ஸ்டாக் வடிவத்தைப் பற்றி. உங்கள் கிட்டாருக்கும் அதற்கும் பத்து வருட தூரம்.

நெக் குழி, பிக்கப்பின் முன்னும் பின்னும், ஹெட்ஸ்டாக்கின் இரண்டு பக்கம், ஸ்விட்சுகளின் அடிப்பகுதி, இவ்வளவையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, துளை இடைவெளியையும் எழுதி இங்கேயே போடுங்கள். முத்திரை மங்கலாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுங்கள், நேராக அடித்தால் தெரியாது.