இரண்டு நாளில் எந்த மலைக்குப் போகலாம்?

கேள்வி: எங்கள் குடும்பமும் கணவரின் நண்பர்கள் இருவரின் குடும்பங்களுமாக ஒரு வான் பிடித்து, சனி ஞாயிறில் நுவரெலியா போய்வர யோசிக்கிறோம். மாமிக்கு முழங்கால் வலி, கைப்பிள்ளை ஒன்றும் உண்டு. வெள்ளி இரவே வெளிக்கிட்டால் சரிவருமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: இரண்டே நாள் என்றால் நுவரெலியா வேண்டாம், சகோதரி. கண்டிக்கே திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர், அதற்கு மேல் இன்னும் 75 கிலோமீட்டர் அளவில் ஏற்றமும் வளைவுமாகப் போக வேண்டும். போக ஒரு பகல், வர ஒரு பகல் என்று வானுக்குள்ளேயே நேரம் போய்விடும், மாமி பாவம். பௌர்ணமிப் போயாவோடு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை வரும்போது அங்கே போங்கள். அதுவும் ஏப்ரலில் வேண்டாம், சீசன் கூட்டத்தில் அறை கிடைப்பதே கஷ்டம்.

நமக்குக் கிட்டடியில் உள்ள மலை மாத்தளைப் பக்கம்தான். தம்புள்ளை தாண்டி மாத்தளை, முத்துமாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ரத்தோட்டை வழியாக ஏறினால் ரிவர்ஸ்டன். 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் நக்கிள்ஸ் மலைத்தொடரும் ஒன்று, ரிவர்ஸ்டன் அந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. மேலே காற்று ஆளையே தள்ளும், இப்போது வெயில் அடிக்கும், கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நிற்பவரைக்கூடப் பனிப்புகார் மூடிவிடும், அதனால் பிள்ளைக்குக் காதை மூடும் தொப்பி கட்டாயம். அந்தப் பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தன புல்வெளி. நடை கொஞ்சத் தூரம்தான், ஆனால் முடிகிற இடம் செங்குத்தான பள்ளம், சின்னவர்களின் கையை விடவே வேண்டாம். சேர எல்ல அருவியில் தண்ணீர் விழுவதற்குப் பின்னால் போய் நிற்கலாம், அவ்வளவு அழகு! படிகள் நிறைய, மாமியோடு யாராவது மேலேயே இருக்க வேண்டிவரும். மழை நாளில் அங்கே யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

வெள்ளி இரவுப் பயணத்தைக் கைவிடுங்கள். கந்தளாய் தாண்டி கல்ஓயா, ஹபரணைப் பக்கம் இருட்டில் யானை வீதிக்கு வரும். சனிக்கிழமை நன்றாக விடிந்தபிறகு வெளிக்கிட்டாலும் மதியத்துக்கு முன் மாத்தளையில் நிற்கலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. சட்டி பானை, அடுப்பு எதையும் ஏற்றாதீர்கள். ஏற்றினால் மூன்று வீட்டுப் பெண்களும் இரண்டு நாளும் இன்னொரு குசினியில்தான் நிற்பீர்கள், ஆண்கள் மலை பார்ப்பார்கள். சனி மதியத்துக்கு வீட்டிலிருந்து புட்டும் சம்பலும் பார்சல், மற்றதெல்லாம் தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காசை ஆள்கணக்கில் பிரித்துப் போகமுதலே சேர்த்துவிட்டால் நட்பும் கெடாது. குடிக்கிறவர்கள் இருந்தால் அருவிப் பக்கம் போகும் நாளில் வேண்டாம் என்று உங்கள் கணவரையே சொல்லச் சொல்லுங்கள், சாரதிக்கு எந்த நேரத்திலும் கூடாது.

கேள்வி: மலை வளைவுகளில் மகன் விடாமல் சத்தி எடுக்கிறான். என்ன செய்யலாம்?
- வாசகர், கிண்ணியா

பதில்: முன் சீட்டில் அல்லது அதற்கு அடுத்த வரிசையில் இருத்தி, தூரத்து வீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். போன் கையில் கொடுக்கவே கூடாது. வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ச் சாப்பாடும் வேண்டாம். மாத்திரை கொடுப்பதானால் வயதைச் சொல்லி மருந்தகத்தில் கேட்டு, ஏற்றம் தொடங்கமுதலே கொடுங்கள், சத்தி வந்தபின் கொடுத்துப் பலனில்லை.

கேள்வி: அட்டை கடித்தால் உப்புப் போட்டால் போதுமா?
- வாசகி, தம்பலகாமம்

பதில்: கடித்துக்கொண்டிருக்கும்போது உப்பும் நெருப்பும் வேண்டாம். அது உள்ளே இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். வாய்ப் பக்கமாக நகத்தைக் கொடுத்துத் தோலோடு ஒட்டித் தள்ளுங்கள், விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் வடியும், பயப்படாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துணியால் அழுத்திப் பிடியுங்கள். நீளக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு நடந்தால் அநேகமாகக் கடிக்காது.