குட்டியின் மூக்கை முதலில் பாருங்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் அருகே மாடி வீட்டில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் எழுபது வயதான மாமியார் மட்டும் வீட்டில் இருப்பார். எங்களுக்கு 7, 11 வயதில் இரண்டு பிள்ளைகள். இதுவரை நாய் வளர்த்ததில்லை. பிள்ளைகள் தட்டை முகமுள்ள பக் நாய் கேட்கிறார்கள். கணவருக்குக் குட்டைக் கால்களுள்ள டாஷ்ஹண்ட் மேல் ஆசை. தெரிந்தவர் ஒருவர் 45 நாள் ஆன பக் குட்டி இருப்பதாகச் சொல்கிறார். அடிக்கடி மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடாமல் ஆரோக்கியமாக வளரக்கூடிய சிறிய இனம் எது?

பதில்: பக் வேண்டாம். மாடிப்படி உள்ள வீட்டுக்கு டாஷ்ஹண்ட்டும் உகந்ததன்று. நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்றே அழைக்கும் இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தை முதலாவதாகவும், சிறிய உடல்வாகுள்ள நாட்டு நாயின் பெண்குட்டியை அதற்கு இணையாகவும் பரிந்துரைப்பேன். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். குட்டியைப் பார்க்கப் போகும்போது இனத்தின் பெயரைவிட அந்தக் காரணங்களே உங்களுக்குக் கைகொடுக்கும்.

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்த்துக் குளிர வழியில்லை. பாதங்களின் அடியில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்போது, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடற்சூடு தணிகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் இந்த ஆவியாதல் மந்தப்பட்டுவிடும். தோவாளைப் பக்கத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றாவது சற்று உதவும். விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களிலோ, ரப்பர்த் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே, இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்களில் நிழலில் போட்ட துணியே காயாத புழுக்கம் நிலவும்போது, நாய் எவ்வளவுதான் மூச்சிரைத்தாலும் சூடு எளிதில் இறங்காது.

இந்தப் புழுக்கத்தில் பக்கின் முகத்தை எண்ணிப் பாருங்கள். தட்டையான முகத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனவிருத்தி செய்யப்பட்ட நாய் அது. மண்டையெலும்பு குறுகிய அளவுக்கு உள்ளிருக்கும் சதை குறையவில்லை. ஆகவே மேல்வாயின் பின்புறச் சதையான மெல்லண்ணம் நீண்டு தொண்டையை மறிக்கிறது, மூக்குத் துளைகள் கோடுபோல் சுருங்கிவிடுகின்றன. “எங்கள் பக் அழகாகக் குறட்டை விடும்” என்று உரிமையாளர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்கும்போதெல்லாம், அது மூச்சுக்குப் போராடும் ஓசை என்று சொல்லி அவர்களுடைய மகிழ்ச்சியைக் கெடுப்பது என் வேலையாகிவிடுகிறது. ஓர் ஏப்ரல் நண்பகலில், இருசக்கர வாகனத்தின் முன்பக்கம் உட்கார வைத்து அரை மணி நேரம் கொண்டுவரப்பட்ட ஒரு பக்கை மேசையில் கிடத்தியபோது, அதன் நாக்கு நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கைப்போல் இருந்தது. தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, ஆக்சிஜன் கொடுத்துப் பிழைக்க வைத்தோம். அந்த நாய் வேறெந்த நோயும் இல்லாத, மூன்று வயதான, நன்கு பராமரிக்கப்பட்ட நாய் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

2003இல் வந்த ஹட்ச் கைபேசி விளம்பரத்துக்குப் பிறகு நம் நாட்டில் பக் மீது வந்த மோகம் இன்னும் முழுவதும் அடங்கவில்லை. தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனவிருத்திக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று இனவிருத்திக்குத் தடை சொல்லப்பட்ட வெளிநாட்டு இனங்களின் பட்டியலில், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு ஆகியவற்றோடு பக்கும் இடம்பெற்றிருந்தது. அந்தக் கொள்கை நீதிமன்றம் வரை போனது வேறு விஷயம். பட்டியலில் பக்கைச் சேர்த்ததற்கான மருத்துவக் காரணத்தில் எனக்கு ஐயமில்லை. ஷிட்ஸுவுக்கும் ஏறக்குறைய இதே மூக்குத்தான். அதனுடன் நாள்தோறும் சீவ வேண்டிய நீண்ட முடியும், எளிதில் புண்ணாகும் துருத்திய கண்களும் சேர்ந்துகொள்கின்றன. சிவாவா நம் வெயிலைத் தாங்கும். ஆனால் 7 வயதுப் பிள்ளை கைதவறிக் கீழே போட்டால் எலும்பு முறிந்துவிடும் அளவுக்கு மெலிந்தது என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

உங்கள் கணவரின் விருப்பத்தை அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. டாஷ்ஹண்ட்டுக்கு நீண்ட மூக்கு, குட்டையான முடி; இரண்டுமே நம் ஊருக்குப் பொருந்துபவை. அதன் குறை முதுகில் இருக்கிறது. குட்டைக் கால்களைத் தரும் அதே மரபுக்கூறு, முதுகெலும்பின் கணுக்களுக்கிடையே உள்ள வட்டுகளையும் இளம் வயதிலேயே கெட்டியாக்கிவிடுகிறது. அப்படிக் கெட்டிப்பட்ட வட்டு, சோபாவிலிருந்து குதிக்கும்போதோ படியிறங்கும்போதோ பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால், காலையில் ஓடித்திரிந்த நாய் மாலையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு தவழும். தரைத்தளம் மட்டும் உள்ள வீடாக இருந்து, உடல் பருக்காமல் பார்த்துக்கொள்ளும் கண்டிப்பும் இருந்தால் நானே டாஷ்ஹண்ட்டைச் சொல்லியிருப்பேன். பிள்ளைகள் நாளுக்குப் பத்துமுறை மாடியேறி இறங்கும் வீட்டில், வழுக்கும் டைல்ஸ் தரையில், அந்த முதுகைப் பாதுகாப்பது கடினம்.

இந்தியன் ஸ்பிட்ஸ் நம் நாட்டில் பல தலைமுறைகளாக இங்குள்ள வெப்பத்திலேயே வளர்ந்து பழகிய நாய். சிறிய வகை சுமார் 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். நரிபோன்ற நீண்ட முகம், தடையில்லாத மூச்சு, நல்ல அறிவு, சாதாரண வீட்டுச் சாப்பாட்டை ஏற்கும் வயிறு. நன்கு பேணினால் 12 முதல் 15 ஆண்டுகள் வரை உங்களோடு இருக்கும். உங்கள் மூத்த பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும் என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கேட்டுக்கு வெளியே யார் போனாலும் குரைக்கும். முழங்கால் சில்லு இடம் நழுவுவதும், பற்களில் காரை படிந்து ஈறு கெடுவதும் சிறிய நாய்களுக்கெல்லாம் உள்ளதுபோல் இதற்கும் உண்டு. கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி இழுத்தால் மெல்லிய மூச்சுக்குழல் காலப்போக்கில் பாதிக்கப்படலாம். ஆகவே மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை வாங்குங்கள். மழையில் நனைந்தால் வெளிமுடி காய்ந்துவிடும், அடிமுடி காயாது. பேன் பார்ப்பதுபோல் முடியை வகிர்ந்து, தோல் வரைக்கும் துண்டால் ஒற்றி எடுக்காவிட்டால் இரண்டு நாளில் அந்த இடம் சிவந்து, கசிந்து, நாறத் தொடங்கும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று எண்ணி மொட்டையடித்து விடாதீர்கள். அந்த முடி சூட்டையும் தடுக்கிறது.

சுறுசுறுப்பான குட்டையான முடிக்காரனே வேண்டும் என்றால் 4, 5 கிலோ எடையுள்ள மினியேச்சர் பின்ஷர் உண்டு. கேட்டுக் கம்பிகளின் இடைவெளியில் நுழைந்து சாலைக்கு ஓடுவதில் அது கெட்டிக்காரன் என்பதால் உங்கள் மாமியாருக்கு அது சரிவராது.

பட்டிதானே என்று நம் பக்கத்தில் அலட்சியமாகச் சொல்லப்படும் நாட்டு நாய், நான் பார்க்கும் நாய்களிலேயே தோல்நோயும் மூட்டுநோயும் மிகக் குறைவாக உள்ளது. மூக்கு, முதுகு, முடி எதிலும் மனிதர் விருப்பத்துக்காகச் செய்த மாற்றம் எதுவும் அதற்கு இல்லை. வளர்ந்தால் பெரும்பாலும் 15 கிலோவைத் தொடும் என்பதால் மடியில் வைத்துக்கொள்ளும் அளவில் இருக்காது. துள்ளும் இளம் நாய் முதியவரின் காலில் மோதித் தடுமாறச் செய்யவும் கூடும். உடல் சிறியதாக உள்ள தாய் ஈன்ற பெண்குட்டியாகப் பார்த்து எடுத்து, உரிய வயதில் கருத்தடை செய்துவிட்டால் இந்தச் சிக்கல்களில் பெரும்பகுதி தீரும். விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது கூடுதல் ஆதாயம். அந்தப் பணத்தைத் தடுப்பூசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த 45 நாள் கணக்கு. நாய் இனவிருத்தி, விற்பனை தொடர்பாக 2017இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், தாயிடமிருந்தும் உடன்பிறந்த குட்டிகளிடமிருந்தும் கடியின் அளவைக் கற்றுக்கொள்ளும் காலம் அது; ஆறு வாரத்தில் பிரித்துக் கொண்டுவந்த குட்டி உங்கள் இளைய பிள்ளையின் விரலில்தான் அதைக் கற்கும். சொல்லப்படும் வயதையும் அப்படியே நம்ப வேண்டாம். உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள்: முன்வரிசைப் பாற்பற்களும் கோரைப் பற்களும் ஐந்து வாரத்துக்குள் பெரும்பாலும் முளைத்திருக்கும், ஈறு வெறுமையாகவோ, பல் நுனி மட்டும் தெரியும்படியோ இருந்தால், சொல்வதைவிட வயது குறைவு என்று கொள்ளலாம்.

எந்தக் குட்டியாக இருந்தாலும் தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். தாய் வேறிடத்தில் இருக்கிறது என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். குணமும் உடல்வாகும் எப்படி அமையும் என்பதற்குத் தாயைவிட நம்பகமான சான்று கிடையாது. பிறகு தரையில் உட்கார்ந்து, குட்டி தானாக வருகிறதா என்று பாருங்கள். மூக்குத் துளைகள் வட்டமாகத் திறந்திருக்க வேண்டும். விளையாடி நின்றபின் கரகரப்பு கேட்கக் கூடாது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். வெளிறிய ஈறும் ஒல்லியான உடலில் உப்பிய வயிறும் சேர்ந்திருந்தால் குடற்புழு என்று ஐயுறலாம். காதை முகர்ந்து பாருங்கள், வாலைத் தூக்கிப் பாருங்கள். வயிற்றுப்போக்கின் கறை இருந்தால் அந்தக் குட்டியை மட்டுமன்று, அதனுடன் பிறந்த எல்லாக் குட்டிகளையும் தவிர்த்துவிடுங்கள். பார்வோ வைரஸ் புகுந்த இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நலமாகத் தோன்றும் குட்டியும் ஒரு வாரத்துக்குள் இரத்தப் பேதியோடு விழக்கூடும்.

பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கான பகுதியும் உண்டா என்று கேட்டுப் போடுங்கள். ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் மாவட்டம் இது. எலியின் சிறுநீர் கலந்து தேங்கிய நீரை நக்கிய நாயிடமிருந்து வீட்டாருக்கும் அந்தக் காய்ச்சல் வரலாம். மழை ஓய்ந்ததும் உண்ணி கிளம்பும். காதுமடலுக்குள்ளும் கால்விரல் இடுக்குகளிலும் சிறிய ஆமணக்கு விதைபோல் ஒட்டியிருப்பதைப் பார்த்தால், ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். வயிறு நிறைந்த பெண் உண்ணி விழுந்து, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்களின் மூக்கிலிருந்து இரத்தம் கசிவதைக் கண்டு பதறி ஓடிவருபவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம். மாதந்தோறும் கொடுக்கும் உண்ணித் தடுப்பு மாத்திரையின் செலவு அதன் சிகிச்சைச் செலவோடு ஒப்பிடுகையில் சிறிது. உள்ளூரில் கையாள முடியாத நிலை வந்தால், திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவோம்.

பகலில் உடனிருக்கப்போவது மாமியார் என்பதால் உணவைப் பற்றி அவரிடமே பேசுங்கள். முள் நீக்கிய அவித்த சாளை மீன், சோறு, நன்றாக வேகவைத்து நீர் வடித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) எல்லாம் கொடுக்கலாம். பச்சை மரச்சீனியும் அதன் தோலும் நஞ்சு. மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்த சோறுதான் ஆபத்து. அதிலுள்ள உள்ளி, அதாவது வெங்காயம், நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். காய்ச்சல் என்று நினைத்து நமக்கான பாரசிட்டமாலையோ வலி மாத்திரையையோ ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கே கேட்பார்கள். வெடிச்சத்தமும் விருந்தினர் கூட்டமும் நிறைந்த அந்த வாரத்தில் புதுக்குட்டியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். பிப்ரவரியில் எட்டு வாரம் நிறைந்த குட்டியாக எடுத்தால், ஏப்ரலுக்குள் தடுப்பூசிச் சுற்று முடிந்துவிடும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அதைத் தெருவில் நடத்திப் பழக்கவும், ஜூனில் மழை இறங்குவதற்கு முன் அது வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கக் கற்றுக்கொள்ளவும் போதிய நாள் கிடைக்கும்.